கொரோலா 121: ரயில் கடவையில் நின்றால் எஞ்சின் துடிக்கிறது, கராஜில் நின்றால் துடிப்பதில்லை

கோண்டாவில் கொரோலா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதமாக என்னை அலைக்கழிக்கும் பிரச்சினை ஒன்றை இங்கே வைக்கிறேன். வண்டி 2002 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121. 1500 சிசி, 1என்இசட் எஞ்சின், ஓட்டோ கியர், ஜப்பானிலிருந்து இறங்கியது. அப்பா வாங்கிய வண்டி. அவர் இப்போது இல்லை. ஆகவே இதை விற்றுவிட்டு வேறு வாங்கு என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் 1200 இல் நின்று மெல்ல இறங்கும். அதில் குறை இல்லை. பலாலி வீதியில் ஓடும்போதும் நன்றாக இழுக்கிறது. ஆனால் ரயில் கடவையில் கேட் போட்டு நின்றால் மூன்று நான்கு நிமிடத்தில் துடிக்கத் தொடங்கிவிடும். முதலில் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். பிறகு பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ்ஸின் இலக்கத் தகட்டை வாசிக்க முடியாத அளவுக்கு ஆட்டம். முள் 700 இலிருந்து 500 க்கு விழும், எழும்பும், மறுபடி விழும். ஏ.சி. போட்டிருந்தால் எஞ்சின் நின்றே போகும். சென்ற வெள்ளிக்கிழமை ரயில் போய்க் கேட் திறந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. பின்சீட்டில் அம்மா. பின்னால் ஹோர்ன் சத்தம். மூன்றாம் தரம் திறப்பைத் திருப்பிய பிறகுதான் பிடித்தது.

மூன்று கராஜ் போய்விட்டேன். முதலாவதில் பிளக் நான்கும் மாற்றினார்கள். இரண்டாவதில் எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் துரொட்டில் பொடியைக் கழுவி, பற்றரி வயரைக் கழற்றி மாட்டினார்கள். மூன்றாவதில் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் ஒன்றும் பெற்றோல் பம்பும் புதிதாகப் போட்டார்கள். இதுவரை 83,000 ரூபாய். எந்தக் கராஜிலும் வண்டி ஒரு தரம்கூடத் துடித்துக் காட்டவில்லை. அங்கே அமைதியாக நிற்கிறது, அடுத்த நாள் கடவையில் மறுபடி அதே ஆட்டம். எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

மானிப்பாய் மைந்தன் எழுதியது:

சகோதரம், என்னுடைய அல்ட்டோவிலும் இதே மாதிரித்தான் இருந்தது. இன்ஜெக்டர் கழுவும் திரவம் ஒரு போத்தல் தாங்கியில் ஊற்றினேன், ஐட்லிங் (மிதியை விட்டு நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஓட்டம்) வால்வையும் கழற்றிக் கழுவினார்கள், சரியாகிவிட்டது. அதிலும் சரிவராவிட்டால் துரொட்டில் பொடியில் ஒரு சிறிய ஸ்குரூ இருக்கும். அதைக் கால் சுற்று உள்ளே திருப்பினால் ஆர்.பி.எம். கொஞ்சம் கூடும், பிறகு நிற்காது. செலவும் இல்லை.

சுன்னாகம் ஸ்கானர் எழுதியது:

மானிப்பாய் அண்ணா, உங்கள் நல்ல மனது விளங்குகிறது. ஆனாலும் அந்த ஸ்குரூ விடயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது ஐட்லிங் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூ அல்ல. துரொட்டில் தகடு உடலில் இறுகிவிடாமல் தாங்கி நிற்கும் ஸ்குரூ, தொழிற்சாலையிலேயே அளந்து வைத்தது. அதைத் திருப்பினால் மிதியை விட்ட பிறகும் தகடு சற்றுத் திறந்தே நிற்கும். எஞ்சினை நடத்தும் கம்பியூட்டருக்கும் ஐட்லிங் வால்வுக்கும் இடையிலுள்ள கணக்குக் குழம்பும். உண்மையான நோய் உள்ளேயே இருக்க, மேலே இன்னொரு நோய் ஏறும். இப்படித் திருகிய வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு முழு நாள் மினக்கெட்டிருக்கிறேன்.

கோண்டாவில் தம்பிக்குச் சொல்கிறேன். மிதியிலிருந்து காலை எடுத்ததும் துரொட்டில் தகடு மூடிவிடும். எஞ்சின் மூச்சு விடுவது தகட்டைச் சுற்றிப் போகும் ஒரு சிறு வழியால். அந்த வழியைத்தான் ஐட்லிங் வால்வு கூட்டியும் குறைத்தும் கொடுக்கிறது. தண்ணீரின் சூடு, ஏ.சி., கியர் நிலை எல்லாவற்றையும் பார்த்துக் கம்பியூட்டர் அதற்குக் கட்டளை கொடுக்கும். இந்த எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 650 க்கும் 750 க்கும் இடையில் அசையாமல் நிற்கவேண்டும். அந்த வேகத்தில் எஞ்சின் குடிக்கும் காற்று மிகக் கொஞ்சம். ஆகவே ஓடும்போது ஒரு பொருட்டே இல்லாத சிறு பிழைகூட, நிற்கும்போது பெரிதாகத் தெரியும்.

பற்றரி வயரைக் கழற்றியதால் இதுவரை பதிந்திருந்த பிழைக் குறியீடுகளும் கம்பியூட்டர் கற்றுவைத்த அளவுகளும் அழிந்துபோயிருக்கும். அது பெரிய நட்டம். இனி யாரும் கழற்ற விடாதீர்கள். ஒரு கிழமை அப்படியே ஓடிவிட்டு, கம்பியூட்டரில் பதிந்ததை வாசிக்கும் ஸ்கானரில் போடுங்கள். சந்தையில் விற்கும் சிறிய புளூடூத் அடாப்டர் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய வண்டிகளோடு சில வேளை பேசாது. அது பேசாவிட்டால் வண்டியில் ஸ்கான் பார்க்க முடியாது என்று எண்ணவேண்டாம். டொயோட்டா நெறிமுறை உள்ள ஸ்கானர் பேசும்.

தீவகத்து ஓட்டுநர் எழுதியது:

எர்த் வயரைப் பார்த்தீர்களா? எங்கள் பக்கம் உப்புக் காற்று. பற்றரியிலிருந்து வண்டியின் உடம்புக்கும் எஞ்சினுக்கும் போகும் வயர்களின் முனையில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். மேலே பார்த்தால் இறுக்கமாக இருக்கும், கழற்றினால் உள்ளே பச்சை. ஏ.சி. போட்டதும் நின்றுவிடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்க்க எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. லைட், ஏ.சி. எல்லாம் போட்டு, எஞ்சின் உடலுக்கும் பற்றரியின் மைனஸ் முனைக்கும் இடையில் மீற்றரை வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

பழைய ஸ்பானர் எழுதியது:

தம்பி, நீர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் 41 வருடம் கராஜில் நின்றவன். இப்போது கண் பார்வை குறைவு, பேரன்தான் தட்டித் தருகிறான்.

நீர் எழுதியதில் ஒரு வரி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கராஜில் துடிக்கவில்லை, கடவையில் துடிக்கிறது. அப்படியென்றால் கடவையில் இருப்பது என்ன, கராஜில் இல்லாதது என்ன? அதை யாராவது யோசித்தார்களா? கராஜில் வண்டியை விட்டால் கியரை பார்க்கில் போட்டு, இறங்கி, பொனற்றைத் திறப்பார்கள். கடவையில் நீர் முன்னுக்கு ஓடும் டீ (D) கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கிறீர். ஓடிச் சூடான எஞ்சின் அங்கே காற்றுப் படாமல் நிற்கிறது. இந்த மூன்றையும் கராஜில் ஒருவரும் செய்து பார்க்கவில்லை. செய்யாமலே பிளக்கையும் பம்பையும் மாற்றிவிட்டார்கள். வயிற்றுக்குத்து என்று வந்தவனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்த கதை இது. எனக்கு இதைக் கேட்க மனம் நோகிறது, ஏனென்றால் அந்தப் பணம் உம்முடைய பணம்.

நாளைக்கு இப்படிச் செய்யும். அரை மணி நேரம் ஓடிவிட்டு வாரும். சமதரையில் நிறுத்தி, நாலு சில்லுக்கும் முன்னும் பின்னும் கல் வையும். கை பிரேக்கை இறுக்கும். வண்டி ஓடத் தெரிந்த ஒருவரை உள்ளே இருத்தி, பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து டீ, டீயிலிருந்து ஆர் என்று மாற்றச் சொல்லும். நீர் பொனற்றைத் திறந்து பக்கத்தில் நின்று எஞ்சினைப் பாரும். வண்டிக்கு முன்னால் ஒருநாளும் நிற்கவேண்டாம். எஞ்சின் எவ்வளவு எழும்பிச் சரிகிறது என்று கவனியும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் நல்லதென்றால் சற்றே அசையும். போய்விட்டதென்றால் ஒரு பக்கம் தூக்கி எறிவது போல் எழும்பும்.

இன்னுமொன்று. துடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளும் ஆடுகிறதா, முள் நிற்க உடம்பு மட்டும் ஆடுகிறதா? முள் அசையாமல் வண்டி மட்டும் ஆடினால் அது மவுண்ட். முள்ளும் விழுந்தால் எஞ்சினுக்குள் பிழை. இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும்.

கொப்பித் தாள் ஒரு கீலத்தைக் கிழித்துப் புகைக்குழாய் வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடியும். ஒரே சீராக வெளிப்பக்கம் படபடத்தால் நல்லது. ஒழுங்கான இடைவெளியில் உள்ளே இழுபட்டால் வால்வு எரிந்திருக்கக் கூடும். ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு உதறினால் நெருப்போ பெற்றோலோ காற்றோ பிழை. செலவில்லாத சோதனை. பார்த்துவிட்டு வந்து எழுதும்.

கோண்டாவில் கொரோலா எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதைச் செய்தேன். தம்பி உள்ளே இருந்தான்.

நியூட்ரலில் 700, அசைவில்லை. டீயில் போட்டதும் எஞ்சினின் வலது பக்கம் எழும்பியது. கண்ணால் பார்த்தால் இரண்டு விரல் உயரம் இருக்கும். அந்த மவுண்டின் அடியில் எண்ணெய் வழிந்து தூசி படிந்திருக்கிறது. டீயில் ஒரு நிமிடம் நிற்க முள்ளும் விழத் தொடங்கியது. 480 வரை போனது. உடனே நியூட்ரலுக்கு மாற்ற மறுபடி 700. முதல் தடவையாக வீட்டு முற்றத்தில் வைத்து இந்தத் துடிப்பைக் கண்டேன். பிரச்சினைதான், ஆனாலும் கண்டபோது ஓர் ஆறுதல்.

தாள் உள்ளே இழுபடவில்லை. துடிக்கும் நேரம் ஒழுங்கில்லாமல் உதறியது.

தீவகத்து அண்ணா, மீற்றர் வைத்துப் பார்த்தேன். 0.08 வோல்ட். எர்த் சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் முனைகளைக் கழற்றி உரசித் துடைத்து மாட்டிவிட்டேன். பற்றரி முனையில் மட்டும் கை வைக்கவில்லை.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

இங்கே கனடாவில் இப்படி வந்தால் கராஜில் புகை இயந்திரம் வைத்துப் பார்ப்பார்கள். எஞ்சினுக்குக் காற்று நுழையும் இன்டேக் பக்கத்துக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையை விடுவார்கள். எங்கே வெடிப்போ அங்கே புகை வெளியே வரும். குளிர்காலத்தில் ரப்பர் எல்லாம் கல் மாதிரி இறுகி வெடிப்பதால் எங்களுக்கு இது அடிக்கடி வருகிறது. யாழ்ப்பாணத்தில் வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து அதே வேலையைச் செய்யும். 20 வருட ரப்பர் குழாய் எந்த நாட்டிலும் ரப்பராக இருக்காது. எனக்கு இது காற்றிழுப்பு என்றே படுகிறது.

சுன்னாகம் ஸ்கானர் எழுதியது:

நானும் அதைத்தான் எழுத இருந்தேன். மிதியை விட்டிருக்கும் நேரம் துரொட்டில் தகட்டுக்குப் பின்னால் பெரும் வெற்றிடம் இருக்கும். எங்கள் ஊர் கடல் மட்டத்தோடு கிடப்பதால் நல்ல எஞ்சினில் வெற்றிட மீற்றர் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் காட்டவேண்டும். அந்த இடத்தில் ஊசிமுனை வெடிப்பு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே ஓடும். இந்த எஞ்சினில் காற்றை அளக்கும் சென்சர் காற்று வடிகட்டிப் பக்கம் இருக்கிறது. வெடிப்பால் நுழையும் காற்று அந்தச் சென்சரைக் கடக்காமல் வருவதால் கம்பியூட்டருக்கு அதன் கணக்குத் தெரியாது. 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்ற அளவு குலைந்து, காற்று கூடிப்போய் எரிவது தவறுகிறது.

இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். காற்றை நேரே அளக்காமல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் அளக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் காற்றிழுத்தால் அழுத்தம் கூடுவதைச் சென்சர் காணும், கம்பியூட்டர் அதற்கேற்பப் பெற்றோலும் கூட்டிக் கொடுக்கும். ஆகவே அங்கே ஆர்.பி.எம். விழாது, ஏறும். ஏறி ஓர் எல்லையைத் தாண்டினால், மிதி விட்டிருக்கிறதே என்று கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்தும், விழும், மறுபடி கொடுக்கும். ஏறி இறங்கி ஏறி இறங்கித் தாலாட்டும். ஒரே நோய், இரண்டு வண்டியில் இரண்டு குணம். ஒருவருக்குச் சரிவந்த வைத்தியத்தை இன்னொருவர் வண்டிக்குச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளவேண்டும்.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைக் கொண்டு வாருங்கள். பார்ப்பதற்குக் காசு வேண்டாம். சூடேறிய வண்டியாக வரவேண்டும், அவ்வளவுதான்.

தென்மராட்சி ஆசிரியை எழுதியது:

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என்னுடையது வாகன் ஆர் ஹைபிரிட். சந்தியில் நின்றால் எஞ்சின் தானாக நின்று, பிரேக்கை விட மறுபடி பிடிக்கும். அண்மைக் காலமாக நிற்பதே இல்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது, மெல்லிய அதிர்வும் தெரிகிறது. இதுவும் ஐட்லிங் பிழையா?

சுன்னாகம் ஸ்கானர் எழுதியது:

அக்கா, தானாக நிற்காமல் விட்டதற்குப் பெரும்பாலும் பற்றரிதான் காரணம். பற்றரியில் பலம் குறைந்தால், மறுபடி ஸ்டார்ட் எடுக்க முடியாமல் போய்விடும் என்று வண்டி நிற்பாட்டுவதையே தவிர்க்கும். ஏ.சி. கடுமையாக வேலை செய்யும் வெயில் நேரத்திலும் நிற்காது. அதிர்வைப் பொறுத்தவரை, அது மூன்று சிலிண்டர் எஞ்சின், நான்கு சிலிண்டர் போல் மென்மையாக நிற்காது. முன்பு நிற்பாட்டி நின்றதால் நீங்கள் அதை உணரவில்லை. முதலில் பற்றரியைச் சோதித்துப் பாருங்கள்.

பழைய ஸ்பானர் எழுதியது:

ஞாயிறு வரை சும்மா இருக்கவேண்டாம் தம்பி. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி எடும். ஒரு முனையைக் காதில் வைத்து மற்ற முனையை மனிஃபோல்டைச் சுற்றி ஒவ்வொரு குழாய்ப் பொருத்தாகக் கொண்டுபோம். பெல்ட், விசிறிப் பக்கம் கையையும் குழாயையும் கொண்டு போகவேண்டாம். நியூட்ரலில் ஒன்றும் கேட்காது. டீயில் எஞ்சின் சரியும்போது கேளும். எஞ்சினிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் குழாய்களை முதலில் பாரும். எஞ்சின் எழும்பினால் இழுபடுவது அவைதான். அப்படிப் போகிற குழாய்களில் பெரியது, பிரேக் மிதியை இலேசாக்கும் பூஸ்டருக்குப் போகும் பிரேக் பூஸ்டர் குழாய்.

சிலர் பெற்றோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினில் அதைச் செய்து தீப்பிடித்ததை என் கண்ணால் கண்டவன் நான். செய்யவே வேண்டாம்.

கோண்டாவில் கொரோலா எழுதியது:

ஐயா, கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கை இன்னும் நடுங்குகிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாக எழுதுகிறேன்.

மாலை ஐந்தரைக்குத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, சில்லுக்குக் கல் வைத்து, தம்பியை உள்ளே இருத்தினேன். வீட்டில் வெங்காயத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயில் ஒரு துண்டு. முதலில் இன்ஜெக்டர் அடிகளில் வைத்தேன். டிக் டிக் என்ற சத்தம் மட்டும். துரொட்டில் பொடி அடியில் வைத்தேன், ஒன்றுமில்லை. பிறகு பிரேக் பூஸ்டர் குழாய் மனிஃபோல்டில் ஏறும் இடத்துக்குக் கொண்டுபோனேன். நியூட்ரலில் அமைதி. தம்பி டீயில் போட்டான். எஞ்சின் எழும்பியது. காதுக்குள் கேத்தல் கொதிக்கும்போது வருகிற மாதிரி ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். நியூட்ரலுக்கு வர நின்றது. டீயில் போட மறுபடி வந்தது. ஐந்து தரம் செய்து பார்த்தேன். ஐந்து தரமும் ஒரே மாதிரி.

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுக் குழாயைத் தடவிப் பார்த்தேன். மேல்பக்கம் கறுப்பாக, புதிது போலவே இருக்கிறது. கிளிப்புக்குச் சற்றுத் தள்ளி அடிப்பக்கத்தில் விரலை வைத்தால் ஒரு வெட்டுத் தட்டுப்படுகிறது. குழாயை மேலே வளைத்தால் வாய் திறக்கிறது, விட்டால் ஒட்டிக்கொள்கிறது. ஒரு நெல்மணி நீளம். அவ்வளவுதான். 83,000 ரூபாய்.

சுன்னாகம் ஸ்கானர் எழுதியது:

இன்று காலை தம்பியின் வண்டியை நேரில் பார்த்தேன். குழாய் மாற்றுவதற்கு முன்பே வாருங்கள் என்று கேட்டிருந்தேன், ஏனென்றால் அளவு இல்லாமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எல்லோருக்கும் பயன்படும் என்பதால் அளவுகளை எழுதுகிறேன்.

காற்றும் பெற்றோலும் சரியாகக் கலக்கவேண்டும் என்பதற்காகக் கம்பியூட்டர் பெற்றோலைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் திருத்தம் ஒன்று உண்டு, ஸ்கானரில் சதவீதமாகத் தெரியும். பத்துக்குள் நின்றால் கவலை இல்லை. சூடான நிலையில் நியூட்ரலில் கூட்டல் 12. டீயில் பிரேக்கை மிதித்து நிற்க, கூட்டல் 28, ஆர்.பி.எம். 480 க்கும் 620 க்கும் இடையில் ஆட்டம். நியூட்ரலில் 2500 க்கு ஏற்றிப் பிடிக்க, கூட்டல் 3. இந்த மூன்றாவது அளவுதான் வழக்கை முடித்தது. பெற்றோல் பம்பிலோ இன்ஜெக்டரிலோ குறை என்றால் வேகம் ஏற ஏறத் திருத்தமும் ஏறும். காற்றிழுப்பு என்றால் வேகம் ஏற அது காணாமல் போகும், ஏனென்றால் எஞ்சின் குடிக்கும் பெருங்காற்றில் அந்த வெடிப்பின் காற்று கரைந்துவிடும். பம்பை மாற்றுவதற்கு முன் யாராவது இந்த அளவைப் பத்து நிமிடம் பார்த்திருந்தால் அந்தப் பம்புக்குச் செலவே வந்திருக்காது.

கொயில் இணைப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றியும் பார்த்தேன், ஒவ்வொன்றும் சில நொடிதான். நான்கிலும் ஆர்.பி.எம். ஒரே அளவு விழுந்தது. ஆகவே தனி ஒரு சிலிண்டர் பிழை இல்லை.

இதோடு முடியவில்லை. பலாலி வீதியில் ஸ்கானரை மாட்டியபடி ஓடினோம். தண்ணீர்ச் சூடு 64 பாகை. 50 கிலோமீற்றர் வேகத்தில் 20 நிமிடம் ஓடியும் 64 தான். நிறுத்தி வைக்க, ஆறு நிமிடத்தில் 90 ஐத் தாண்டியது. சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட் இருக்கும் மூடியைக் கழற்றினோம். உள்ளே தேர்மோஸ்டாட்டே இல்லை. எப்போதோ யாரோ எடுத்துவிட்டு மூடியிருக்கிறார்கள். மூடியின் உட்பக்கம் முழுக்க வெள்ளைப் படிவு.

ஓடும்போது ஏன் நன்றாக இருந்தது, கடவையில் மட்டும் ஏன் துடித்தது என்பதற்கு இதுதான் விடை. 64 பாகையில் எஞ்சின் இன்னும் ஆறிக் கிடக்கிறது என்று நினைத்துக் கம்பியூட்டர் ஐட்லிங்கைக் கூட்டியே வைத்திருக்கிறது. அந்தக் கூட்டல் வெடிப்பை மறைத்தது. கடவையில் நின்று 90 க்கு வந்ததும், சூடாகிவிட்டது என்று ஐட்லிங்கை 700 க்கு இறக்குகிறது. மவுண்ட் போனதால் எஞ்சின் சரிந்து, குழாய் இழுபட்டு, வெடிப்பு வாய் திறந்து நிற்கிறது. மூன்று பிழையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எந்த ஒன்றைத் தனியாக எடுத்தாலும் வண்டி நின்றிருக்காது.

மானிப்பாய் மைந்தன் எழுதியது:

மிகவும் பயனுள்ள விளக்கம். ஸ்குரூ பற்றி நான் சொன்னதை மீளப்பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. எங்கள் ஊர் வெயிலுக்குத் தேர்மோஸ்டாட் தேவையில்லை, அது குளிர் நாட்டுக்குத்தான் என்று பல கராஜில் சொல்கிறார்களே. என்னுடைய வண்டியிலும் எடுத்திருக்கிறார்கள்.

பழைய ஸ்பானர் எழுதியது:

தம்பி, இதற்கு நான் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும்.

1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் நின்றது உமக்குத் தெரியுமோ தெரியாது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபுரேற்றரில் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். சூடேறுமுன் மாற்றினால் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிடும், ஏனென்றால் மண்ணெண்ணெய் பெற்றோல் போல் இலேசில் ஆவியாகாது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய்க் கோலை இழுத்து விரலில் தேய்த்தால் வழுவழுப்பே இருக்காது, தண்ணீர் மாதிரி. அப்படி எத்தனை எஞ்சினின் பெயரிங் கடித்ததை இந்தக் கையால் கழற்றிப் பார்த்திருக்கிறேன். எஞ்சினுக்கு அளவான சூடு சோறு மாதிரி என்பதை அந்த ஐந்து வருடம் எனக்குக் கற்றுத் தந்தது.

தேர்மோஸ்டாட் 82 பாகையளவில் திறக்கும். அது வெயிலுக்கோ குளிருக்கோ வைத்தது அல்ல, எஞ்சினை அதன் சூட்டில் வைத்திருக்க வைத்தது. அதை எடுத்தால் எண்ணெய் கெடும், பெற்றோல் கூடும், பிளக் கறுக்கும். இன்னொன்றும் உண்டு. இந்த மாதிரி எஞ்சின்களில் தேர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பக்கவழியை மூடும். தேர்மோஸ்டாட் இல்லையென்றால் பக்கவழி எப்போதும் திறந்தபடி. சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். ஓடும்போது ஆறிக் கிடக்கும், நின்றால் கொதிக்கும்.

அப்படியென்றால் ஏன் எடுக்கிறார்கள்? வண்டி கொதிக்கிறது என்று வருவான். ஏன் கொதிக்கிறது? கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓடியதால். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்தலுக்குள் ஒரு மாதத்தில் எவ்வளவு வெள்ளை படிகிறது என்று உம்முடைய வீட்டுக் குசினியில் பாரும். அதே வெள்ளைதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. அதைக் கழுவ ஒரு நாள் வேலை. தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிய 20 நிமிடம். நானும் இளவயதில் அப்படிச் செய்திருக்கிறேன். இப்போது அந்த வண்டிக்காரர்களை நினைத்து வருந்துகிறேன்.

கோண்டாவில் தம்பி, பூஸ்டர் குழாயை டேப் சுற்றி ஓடவேண்டாம். அது ஐட்லிங் குழாய் அல்ல, பிரேக் குழாய். எஞ்சினிலிருந்து வெற்றிடம் போகாவிட்டால் மிதி கல்லாகும். வெற்றிடத்துக்கென்றே செய்த குழாய் வாங்கும். தண்ணீர்க் குழாயோ பெற்றோல் குழாயோ போட்டால் உள்ளே உறிஞ்சுப்பட்டுச் சப்பையாகும். குழாய்க்குள் இருக்கும் ஒருவழி வால்வு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்து வைத்த பிறகு கழற்றும்.

தீவகத்து ஓட்டுநர் எழுதியது:

ஐயா எழுதியதை வாசித்ததும் எங்கள் வீட்டு வானின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். கழுத்தில் வெள்ளை. நாளைக்கே இறக்குகிறேன்.

கோண்டாவில் கொரோலா எழுதியது:

மூன்று கிழமை பொறுத்து எழுதுகிறேன், ஏனென்றால் சரிவந்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

பூஸ்டர் குழாய் புதிது. வலது மவுண்ட் புதிது. ரேடியேட்டரை இறக்கிக் கழுவினோம், முதலில் வந்த தண்ணீர் சுண்ணாம்பு கரைத்தது போல் இருந்தது. தேர்மோஸ்டாட் புதிது. பாதிக்குப் பாதி கூலன்ட், மற்றப் பாதி காய்ச்சி வடித்த நீர். எல்லாம் சேர்த்து, முன்பு செலவழித்ததில் பாதிகூட வரவில்லை. சுன்னாகம் அண்ணா மறுபடி அளந்தார். நியூட்ரலில் கூட்டல் 2, டீயில் கூட்டல் 3, ஆர்.பி.எம். 680, ஏ.சி. போட்டாலும் விழவில்லை. ஓடும்போது தண்ணீர்ச் சூடு 84 க்கும் 88 க்கும் இடையில்.

நேற்று மாலை கடவையில் கேட் போட்டார்கள். வேண்டுமென்றே ஏ.சி.யைக் குறைக்காமல் நின்றேன். ஒன்பது நிமிடம். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் அம்மா, எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று கேட்டார்.

ஐயா, அந்தப் பழைய குழாயை எறியாமல் வைத்திருக்கிறேன். உங்கள் பேரனிடம் வீட்டு விலாசத்தைத் தனிமடலில் அனுப்பச் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

பழைய ஸ்பானர் எழுதியது:

கொண்டு வாரும். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். எங்கள் ஒழுங்கையில் இரண்டு பொடியன்கள் வேலை பழகுகிறார்கள். அந்த வெடிப்பை அவர்கள் விரலால் தடவிப் பார்க்கவேண்டும்.